வாரியத்தின் முதல் கடிதம்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் குமுதா பிரித்த கடிதத்தில் மொத்தமே நான்கு வாக்கியங்கள்தான். முதலாவது மரியாதைக்கு. கடைசி நன்றிக்கு. நடுவில் இருந்த இரண்டும்தான் அவளுடைய நான்கு வருஷத்தை முழுங்கின.

அவளுடைய விண்ணப்பத்துக்குச் சட்டத் தொழில் தகுதி வாரியத்தார் அரசாங்க மலாயில், கோபமோ வருத்தமோ இல்லாமல் பதில் எழுதியிருந்தார்கள். அவள் பெற்றிருக்கும் சட்டப் பட்டம் தொலைநிலை வகுப்பில் படித்தது என்பதால், அதை வைத்துக்கொண்டு சி.எல்.பி. பரீட்சை எழுத முடியாது. அந்தப் பரீட்சையில் தேறினால்தான் கறுப்புக் கோட்டு. தேறாவிட்டால் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். இது ஒரு வாக்கியம்.

அடுத்ததை அவள் மூன்று தடவை படித்தாள். "இவ்விவரம், 2021 ஏப்ரல் 12-ஆம் தேதியிட்டு உங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தில் ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுள்ளது."

உங்கள் அலுவலகம் என்றால் இந்த அலுவலகம்தான். ஈப்போவில் பழைய கடைவீட்டின் மாடியில், கீழே கௌஸ் பாயின் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஆட்டுக்கறி வாசம் பத்து மணிக்கே ஏறி வரும் இந்த இரண்டு அறை. வழக்கறிஞர் தர்மேந்திரனின் பெயர் வாசலில் பித்தளையில் இருந்தது. அந்தப் பித்தளையை இருபத்திரண்டு வருஷமாகத் துடைத்து வந்தவள் குமுதா. அவருடைய கிராணி. வாடிக்கையாளரை உட்கார வைப்பது, கோப்பு கட்டுவது, நீதிமன்றத்தில் தேதி வாங்குவது, கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தைப் பிரிப்பது எல்லாம் அவள்தான்.

வந்த கடிதத்துக்கு அங்கே ஒரு முறை இருந்தது. குமுதாதான் பிரிப்பாள். தேதியோடு 'பெறப்பட்டது' என்ற முத்திரைச் சாப்பைக் குத்துவாள். பதிவுப் புத்தகத்தில் நம்பர் போட்டு எழுதுவாள். பிறகுதான் அது பாஸின் மேசைக்குப் போகும். ஒரே ஒரு விதிவிலக்கு, உறையின் மேல் சிவப்பில் 'சுலிட்' என்று குத்தியிருந்தால் அது ரகசியக் கடிதம். அதைக் கிராணி பிரிக்கக் கூடாது. உறையின் மேலேயே சாப்பைக் குத்தி, ஒட்டியது ஒட்டியபடி பாஸிடம் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் குமுதா முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

பழைய பதிவுப் புத்தகங்கள் இரும்பு அலமாரியின் மேல் இருந்தன. நாற்காலியைப் போட்டு ஏறி 2021-ஐ எடுத்தாள். ஏப்ரல் 19, திங்கட்கிழமை. நம்பர் 212. அனுப்பியவர் என்ற கட்டத்தில் வாரியத்தின் பெயர். விவரம் என்ற கட்டத்தில், "சுலிட். பாஸ் மேசை."

எழுத்து அவளுடையதுதான். அந்தக் குண்டு எழுத்தை அவளால் மறுக்க முடியுமா? தன் தலையெழுத்தைத் தானே சாப்புக் குத்தித் தூக்கிக்கொண்டு போய் அந்த மனுஷனின் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

குமுதா ஏமாளி இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹாலிங்டன் சட்டக் கல்லூரி என்ற அந்தத் தனியார் கல்லூரி, பளபளப்பான புத்தகம் அச்சடித்து, வீட்டிலிருந்தே வழக்கறிஞர் ஆகலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரடங்கு வந்து ஆளாளுக்கு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், தொழில் தகுதி பற்றி மாணவர்களே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. பதினெட்டு வருஷம் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்த கண் அதையா விட்டுவிடும்? வாரியத்தின் பட்டியலையும் தேடிப் பார்த்தாள். கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தது. ஆனால் தொலைவிலிருந்து படித்தாலும் செல்லுமா என்பது தெளிவாக இல்லை. அதனால்தான் பாஸிடம் போய் நின்றாள்.

"நீங்க ஒரு லெட்டர் போட்டுக் கேட்டா உடனே பதில் வரும் பாஸ். நான் கேட்டா யார் மதிப்பா?"

"நீயே டைப் பண்ணு, நான் சைன் பண்றேன்" என்றார் தர்மேந்திரன்.

தட்டச்சு செய்ததும் அவள்தான், தபால் தலை ஒட்டியதும் அவள்தான். பதில் வந்த அன்று மத்தியானம் அவர் அவளை உள்ளே கூப்பிட்டார். "ஓகேலா குமுதா. படி. ஒன்னும் பிரச்னை இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. பாஸ் சொன்ன பிறகு எதற்குக் காகிதம்? சாயந்தரம் லிட்டில் இந்தியாவுக்கு ஓடிப்போய் லட்டு வாங்கி வந்து கொடுத்தாள். அந்த மனுஷன் ரெண்டு தின்றார். ஒன்று போதாமல் ரெண்டு.

அதற்குப் பிறகு நான்கு வருஷம். புந்தோங்கில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது. கணவன் பவித்ரன் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறவன். வேலை முடிந்து பஸ்ஸைக் கீழே நிறுத்துவான். குமுதா சட்டப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறிவிடுவாள். கடைசி இருக்கைதான் அவளுடைய கல்லூரி. முன்னால் நாற்பது காலி இருக்கை. சனிக்கிழமைகளில் எங்கிருந்தோ ஒரு வாத்தியாரின் குரல் போனில் வரும், நடுவில் அறுந்துபோகும், திரும்ப வரும். மேல் வீட்டுக்காரர்கள் பஸ்ஸைக் காட்டி, "யுனிவர்சிட்டி வந்துருச்சு" என்று கேலி செய்வார்கள். குமுதாவும் சிரிப்பாள். நாற்பது வயதில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்தது அந்தப் பஸ்ஸில்தான்.

படிக்கப் படிக்க அவளுடைய கை மாறியது. தர்மேந்திரனிடம் இருந்த இரண்டு இளம் வழக்கறிஞர்களும் அடுத்தடுத்துக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். "குமுதா, இதை ஒரு கை பாத்துடு" என்று அவர் கோப்பை நீட்ட ஆரம்பித்தார். முதலில் கடிதம், பிறகு மனு, பிறகு நீதிமன்றத்தில் கொடுக்கும் எழுத்து வாதம் முழுவதும். பயிற்சி என்று நினைத்து அவள் உயிரைக் கொடுத்து எழுதினாள். ஒரு நீதிபதி, வாதம் மிகத் தெளிவாக இருக்கிறது என்று தர்மேந்திரனைப் பாராட்டினாராம். அன்றைக்குக் குமுதாவுக்குத் தின்ன ஒரு கறிபாப் பலகாரம் கிடைத்தது.

குமுதா 2021-ஐ அலமாரியின் மேல் திரும்ப வைக்காமல் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள்.

கடிதம் வந்த அன்று தர்மேந்திரன் தைப்பிங்கில் வழக்குக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வந்து கோட்டைக் கழற்றி மாட்டும்வரை காத்திருந்து, குமுதா உள்ளே போனாள். புதிய கடிதத்தையும் பதிவுப் புத்தகத்தையும் அவருக்கு முன்னால் வைத்து, நம்பர் 212-இல் விரலை வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு குமுதா."

"நான் நிக்கிறேன் பாஸ். இந்த லெட்டர் வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"அதான் இதுலயே போட்டிருக்காங்களே."

"நான் உங்களைக் கேக்குறேன்."

தர்மேந்திரன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அறுபத்தொரு வயது. நீதிமன்றத்தில் எதிராளியின் சாட்சியைக் குடைந்து எடுப்பதில் பெயர் எடுத்தவர். சாட்சிக் கூண்டில் நிற்பது அவருக்குப் பழக்கமில்லை.

"செல்லாதுன்னு எழுதியிருந்தாங்க" என்றார். "நீ அதுக்குள்ள ஃபாரமெல்லாம் நிரப்பி வச்சிட்ட. ஆசையா இருந்த. சரி, மொதப் பரீட்சை முடியட்டும், மெதுவா சொல்லலாம்னு நெனச்சேன். பரீட்சை முடிஞ்சு நல்ல மார்க்கோட வந்து நின்ன. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? அடுத்த வருஷம் சொல்லலாம்னு விட்டேன். அப்படியே போயிருச்சு."

"அப்படியே போயிருச்சு. நாலு வருஷம்."

"ரூல் மாறும்னு நெனச்சேன்லா. எத்தனை ரூல் மாறியிருக்கு நம்ம நாட்டுல."

"நீங்க ஓகேன்னு சொன்னீங்க பாஸ். ஒன்னும் சொல்லாம இருந்திருந்தாலும் பரவால்ல. வாயத் தொறந்து ஓகேன்னு சொன்னீங்க."

அவர் குரலைத் தணித்து, வாடிக்கையாளரைச் சமரசத்துக்குக் கொண்டுவரும்போது பேசுவாரே, அப்படிப் பேசினார். "யோசிச்சுப் பாரு. படிச்சது எங்கயும் போயிடல. உன் மண்டைக்குள்ளதான் இருக்கு. இந்தப் பேராக் மாநிலத்துல உன்னை மாதிரி டிராஃப்ட் பண்ற கிராணி வேற யாராச்சும் இருக்காங்களா, சொல்லு?"

கிராணி. அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் குமுதாவை அறுத்தது. சம்பளம் அதேதான், நாற்காலி அதேதான், வேலை மட்டும் இரண்டு வழக்கறிஞர் செய்கிற வேலை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அறுக்கிறவர் இவ்வளவு பொறுமையாக, வருஷத்துக்கு ஒரு இழுப்பாக அறுப்பார் என்று அவளுக்குத் தெரியாது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற இடத்துல சேந்திருப்பேன்" என்றாள். "செல்லுற பட்டம் வாங்கியிருப்பேன். லாயரா வெளிய போயிருப்பேன். அப்புறம் உங்களுக்கு யார் எழுதுறது? அதானே பாஸ்?"

தர்மேந்திரன் போனை எடுத்து, அதில் ஏதோ வந்ததுபோலப் பார்த்தார். திரை கறுப்பாக இருந்தது.

குமுதா தன் மேசைக்குப் போனாள். சாவிக்கொத்தையும் சாப்பையும் மை அட்டையையும் எடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். கௌஸ் பாய், "என்ன தங்கச்சி, இவ்வளவு வெள்ளனயே?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் தர்மேந்திரனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வியாழக்கிழமை வழக்குக்கான கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. குமுதாவின் விரல் தன் பாட்டுக்கு, "ரெண்டாவது அலமாரி, கீழ் தட்டு, நீலக் கட்டு" என்று அடித்து அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகு தன் விரலையே வெட்டிப்போடலாம் போல இருந்தது அவளுக்கு.

பவித்ரன் விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போய் அந்தாளை நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினான். அவள் பிடித்து நிறுத்தினாள். கோபம் இறங்கியதும் அவன் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்.

"பிரமிளாகிட்ட சொல்லிட்டியா?"

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்தே அந்தப் பெயர் மனசின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

பிரமிளா, குமுதாவின் அம்மா நல்லம்மாள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில், காகிதத்தில் ஏதோ வெள்ளைக்காரன் பெயரும் ஆட்கள் வாயில் ஆத்தடித் தோட்டம் என்ற பெயரும் கொண்ட இடத்தில் இரண்டு பேரும் பிறந்தவர்கள். ரப்பர் பால்மரங்களை வெட்டித் தள்ளி எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள், செம்பனையும் போய் இப்போது பாதித் தோட்டத்தில் பங்களா வீடுகள் எழும்புகின்றன. பழைய ஆட்களுக்குக் கோயிலுக்குப் பின்னால் இரண்டு வரிசை வீடு. பிரமிளாவுக்கு இருபத்தொன்பது வயது, கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷ வேலை, முப்பது பேருக்கு மேற்பார்வையாளர். அவளை மூன்று வருஷத்துக்கு முன்னால் கையைப் பிடித்து ஹாலிங்டன் கல்லூரியின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனவள் குமுதா. சிபாரிசுக் கையெழுத்தும் அவளுடையதுதான்.

"இது செல்லுமாக்கா?" என்று பிரமிளா அன்றைக்குக் கேட்டாள்.

"எங்க பாஸே வாரியத்துக்கு லெட்டர் போட்டுக் கேட்டாச்சு. நீ கண்ண மூடிட்டு சேரு" என்றாள் குமுதா.

"சொல்றேன்" என்றாள் இப்போது பவித்ரனிடம். "ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்திருந்தார்கள். கோயில் தலைவர் சீனி ஒரு மாதமாகவே போன் அடித்துக்கொண்டிருந்தார். பட்டமளிப்பு அங்கியில் குமுதா நிற்கும் படத்தை வாங்கி, ஈப்போவில் கொடுத்துப் பேனர் அடித்தாயிற்று. நல்லம்மாள் புதுச் சேலை எடுத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பால்மரம் சீவிய பொம்பளை. முதல் வரிசையில் நாற்காலி போட்டு யாரும் அவளை உட்கார வைத்ததில்லை. அந்த ஒரு நாளை அம்மாவிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? பிரமிளாவிடம் சொன்னால் அவள் வீட்டில் சொல்வாள், அங்கிருந்து பின்வாசல் வழியாக நல்லம்மாளுக்குப் போக ஐந்து நிமிஷம் ஆகாது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம். ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிப்போகும் என்று குமுதா நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் போன் ஒலித்தது. பிரமிளாவின் செய்தி. "அக்கா, இன்னிக்கு ரிசைன் லெட்டர் குடுக்கப் போறேன். ஷிப்ட் வேலை பாத்துக்கிட்டே கடைசி வருஷம் படிக்க முடியல. முழுசா படிச்சு உங்க மாதிரி வாரேன். ஓகே தானே?"

குமுதா அதைப் படித்தாள். "பொறு" என்று அடித்தாள். அழித்தாள். "ஞாயித்துக்கிழமை நேர்ல பேசலாம்" என்று அடித்தாள். பேசலாம் என்றால் என்ன என்று கேட்பாள், போன் அடிப்பாள். அதையும் அழித்தாள். பெண்கள் கடிதம் கொடுக்கிறேன் என்பார்கள், கொடுக்கத் தைரியம் வர இரண்டு வாரம் ஆகும், தான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். போன் திரும்ப ஒலிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை பவித்ரனின் பஸ்ஸிலேயே போனார்கள். கோயில் வாசலில் பேனர் தெரிந்தது. "எங்கள் மண்ணின் முதல் பெண் வழக்கறிஞர்" என்று கொட்டை எழுத்து. பவித்ரன் அதைப் பார்த்துவிட்டுக் குமுதாவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூசை முடிந்தது. மாலை போட்டார்கள். நல்லம்மாள் முதல் வரிசையில், சேலை மடிப்புக் கலையாமல், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சீனி மைக்கைப் பிடித்தார். கோயில் நிலத்துக்கு நோட்டீஸ் வந்தால் இனிமேல் ஊர் ஊராக அலைய வேண்டாம், நம்ம வீட்டிலேயே லாயர் இருக்கு என்றார். ஆட்கள் கைதட்டினார்கள். குமுதா மாலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் இது முடிந்துவிடும்.

"இன்னொரு சந்தோஷமான செய்தி" என்றார் சீனி. "அக்கா காட்டுன வழியில நம்ம பிரமிளாவும் லாயருக்குப் படிக்குது. முழு நேரமா படிக்கணும்னு வெள்ளிக்கிழமை வேலையையே விட்டுருச்சு. எவ்வளவு தைரியம் பாருங்க! எந்திரிச்சு நில்லும்மா!"

மூன்றாவது வரிசையில் பிரமிளா எழுந்து நின்று, கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா கருப்பம்மாள் மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

தன் கை சீனியின் கையிலிருந்து மைக்கை வாங்குவதைக் குமுதாவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் லாயர் இல்ல" என்றாள். "பரீட்சை எழுத விடமாட்டேன்னுட்டாங்க. இந்தப் பட்டத்த வச்சுக்கிட்டு யாரும் லாயர் ஆக முடியாது. இந்தப் பேனரக் கழட்டிடுங்கண்ணே."

சீனி விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்! நெறகுடம்லா!" என்று மைக்கைத் திரும்ப வாங்கினார். கூட்டம் ஓவென்று கைதட்டியது. எல்லாருக்கும் மேலாக நல்லம்மாள் தட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். அடுத்தது சாப்பாடு என்றதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

கூட்டத்தில் கைதட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் பவித்ரன். இன்னொருத்தி பிரமிளா.

அவள் நேராக வந்தாள். குமுதாவின் முழங்கையைப் பிடித்து, கோயிலுக்குப் பக்கவாட்டில் ரம்புத்தான் மரத்தடிக் குழாயண்டை கூட்டிப்போனாள். மாலை இடித்து இடித்துப் பூ உதிர்ந்தது.

"மைக்ல சொன்னது நெசமாக்கா?"

"நெசம்தான்."

"எனக்கும் அதே காலேஜ்தானே?"

"ஆமா."

"உங்க பாஸ் கேட்டாச்சு, கண்ண மூடிட்டு சேருன்னீங்களே."

"அவர் மறைச்சிட்டார் பிரமிளா. மொத வருஷமே லெட்டர் வந்துருக்கு. செல்லாதுன்னு. நாலு வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்ல. என்னை ஏமாத்திட்டார்." ஒரு வாரமாக யாராவது தன்னைக் கட்டிக்கொண்டு அழ மாட்டார்களா என்று இருந்தவள் அவள்.

பிரமிளா கட்டிக்கொள்ளவில்லை. "எச்.ஆர். லெட்டர வாங்கிட்டாங்க. எடத்துக்கு ஆளும் போட்டாச்சு" என்றாள், கணக்கு ஒப்பிப்பதுபோல. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை, வாரியத்தின் கடிதம் வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறது.

"திங்கட்கிழமை" என்றாள் குமுதா.

பிரமிளா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி வெள்ளிக்கிழமைக்குப் போய், திரையைக் குமுதாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவள் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. ஓகே தானே என்ற கேள்விக்குக் கீழே, படித்தாயிற்று என்று காட்டும் இரண்டு நீலக் கோடு.

"நீலக் கோடு விழுந்ததப் பாத்தேன். அரை மணி நேரம் எச்.ஆர். வாசல்லயே நின்னேன்க்கா" என்றாள். "நீங்க ஒன்னும் சொல்லல. சரி, அக்கா ஓகேன்னுதான் சொல்றாங்கன்னு உள்ள போனேன்."

குமுதா வாயைத் திறந்தாள். ஞாயித்துக்கிழமை முடியட்டும்னு நெனச்சேன் என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதே வாக்கியத்தைச் செவ்வாய்க்கிழமை காலையில் தர்மேந்திரன் சொல்ல, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் கேட்டிருந்தாள்.

"வாங்கம்மா லாயரம்மா, குடும்பத்தோட ஒரு படம் எடுக்கணும்" என்று மைக்கில் சீனி கூப்பிட்டார்.

"போங்கக்கா" என்றாள் பிரமிளா. போனைப் பையில் போட்டு, பையை மூடினாள். "கூப்பிடுறாங்க."